45 நிமிடம்



பிடித்த விளையாட்டு வீரர் பற்றி எழுதச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் கிரிக்கெட் பக்கம்தான் போவீங்க. நான் போலந்து நாட்டுக்குப் போகிறேன். அங்கே இகா ஸ்வியாடெக் என்று ஒரு டென்னிஸ் வீராங்கனை இருக்கிறார். பெயர் வாயில் நுழையவே எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. என்னைவிட வயதில் பெரியவர் என்பதால் இகா அக்கா என்றே எழுதுகிறேன். தமிழ் டீச்சர் திட்டக்கூடாது.

இகா அக்கா 2001 மே 31 அன்று வார்சா நகரில் பிறந்தவர். அவங்க அப்பா துடுப்புப் படகு வீரர். 1988 சியோல் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டவர். அம்மா பல் டாக்டர். அதனால நம்ம வீட்டையும் அவங்க வீட்டையும் ஒண்ணா வைத்துப் பேச முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு ஓர் அக்கா உண்டு. அந்த அக்காதான் முதலில் டென்னிஸ் ஆடினார். அவரை ஜெயிக்கணும் என்றுதான் தங்கச்சியும் மட்டையைப் பிடித்தாராம். பிறகு காயத்தால் அக்கா ஆட்டத்தை விட்டுவிட்டார். தங்கச்சிக்கும் 2017-இல் கணுக்காலில் ஆபரேஷன். பல மாதம் ஆட முடியவில்லை. அடுத்த வருஷமே, 2018-இல், விம்பிள்டன் சிறுமியர் பட்டம் வாங்கினார். அப்போது அவருக்கு 17 வயது.

இதுவரைக்கும் எல்லா வெற்றிக் கதையும் போலத்தான். எனக்கு முக்கியமானது 2019.

அந்த வருஷம் பாரிஸில் நடக்கும் பிரெஞ்சு ஓப்பனில் முதல் முறையாகப் பெரியவர்களோடு ஆடினார். அங்கே தரை சிவப்பாக இருக்கும். மேலே தூவியிருப்பது செங்கல் தூள்! நம்ம ஊர் சூளையில் கொட்டிக் கிடக்கிறதே, அதே மாதிரி. மூணு ஆட்டம் ஜெயித்து நாலாவது சுற்றுக்கு வந்தார். எதிரே ருமேனியாவின் சிமோனா ஹாலெப். முந்தைய வருஷம் அங்கே பட்டம் வாங்கியவர். பெண்கள் ஆட்டத்தில் ரெண்டு செட் ஜெயிக்கணும், ஒரு செட்டுக்கு ஆறு கேம். இகா அக்கா மொத்தத்தில் எடுத்தது ஒரே ஒரு கேம். 6–1, 6–0. ஆட்டம் 45 நிமிடத்தில் முடிந்துவிட்டது. நம்ம ஒரு பீரியடு. பெல் அடித்து அடுத்த பெல் அடிக்கிறதுக்குள்ள எல்லாம் போச்சு.

போன வருஷம் குறுவட்டப் போட்டியில் ரிங் ஆட என்னைக் கூட்டிப் போனார்கள். டவுன் பள்ளிக்கூட அக்கா ஒருத்தர் என்னை 21–3, 21–5 என்று தோற்கடித்தார். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்கு வந்தால் அம்மா, "தோத்துட்டுத்தானே வந்த? பத்தாவது வரப்போவுது, இதோட விட்டுடு" என்றார். அம்மா சொன்னதில் கோபம் ஒண்ணும் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கல.

இகா அக்காவும் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவர்தான். கடைசிப் பரீட்சை எழுதி முடித்தது 2020-இல். இன்னொரு விஷயமும் உண்டு. 2019-லிருந்து டாரியா அப்ரமோவிச் என்ற மனநல நிபுணர் அவரோடு வேலை செய்ய ஆரம்பித்தார். அந்த அம்மா முன்னாடி பாய்மரப் படகு வீராங்கனை. கை காலுக்குப் பயிற்சி கொடுப்பது போல மனசுக்கும் பயிற்சி. நம்ம ஊரில் மனசுக்கு டாக்டர் என்றாலே பைத்தியமா என்று கேட்பார்கள். எனக்கு இது ரொம்ப நியாயமாகப் படுகிறது. தோற்றால் வலிக்கிறது கையிலா?

2020-இல் கொரோனாவால் பிரெஞ்சு ஓப்பன் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிப் போனது. உலகத் தரவரிசையில் 54-ஆவது இடத்தில் இருந்த இகா அக்கா மறுபடியும் நாலாவது சுற்றுக்கு வந்தார். எதிரே யார் தெரியுமா? அதே ஹாலெப்! இந்த முறை அவர்தான் அந்தப் போட்டியின் முதல் நிலை வீராங்கனை. 6–1, 6–2 என்று இகா அக்கா ஜெயித்தார். நான் இதைப் படித்துவிட்டு ரெண்டு ஸ்கோரையும் கணக்கு நோட்டின் பின்பக்கம் மேலும் கீழுமாக எழுதிப் பார்த்தேன்.

அக்டோபர் 10 அன்று இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவின் சோபியா கெனினை 6–4, 6–1 என்று வென்றார். ஏழு ஆட்டத்தில் ஒரு செட் கூட விடவில்லை. வயது 19. போலந்தில் ஆணோ பெண்ணோ, கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வாங்கிய முதல் ஆள் இவர்தான். 2012-இல் அக்னியெஸ்கா ரட்வான்ஸ்கா விம்பிள்டன் இறுதி வரை போய்த் தோற்றிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் முதலிடத்துக்கு வந்ததெல்லாம் பேப்பரிலேயே வந்திருக்கிறது. நான் சொல்ல நினைத்தது வேறு. 2025 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் இகா அக்கா, அமெரிக்காவின் அமாண்டா அனிசிமோவாவை 6–0, 6–0 என்று அடித்தார். 57 நிமிடம். அனிசிமோவா அக்கா அத்தனை பேர் முன்னால் அழுதார். எனக்குப் பிடித்தவர் ஜெயித்தும் எனக்குச் சந்தோஷமே இல்லை. ரெண்டு மாதம்கூட ஆகவில்லை, அமெரிக்க ஓப்பன் கால் இறுதியில் இவங்க ரெண்டு பேருமே மறுபடி மோதினார்கள். 6–4, 6–3. ஜெயித்தது அனிசிமோவா.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி