கழுத்துவலியும் கடுக்காயும்

சீனாவின் குவாங்சௌ போன நான்காம் நாள் காலை கழுத்து திரும்ப மறுத்துவிட்டது. ஓட்டல் அறையின் ஏசி தலைமாட்டிலேயே ஊதியதாலா, இரண்டு தலையணை வைத்துப் படுத்ததாலா தெரியவில்லை. 1957 முதல் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் கான்டன் கண்காட்சிக்குப் பித்தானும் ஜிப்பும் எலாஸ்டிக்கும் பார்க்கப் போயிருந்தேன். வலப்பக்கக் கடையைப் பார்க்க உடம்போடு திரும்பினால், இடப்பக்கம் நிற்பவர் மேல் பை இடித்தது.

“வெறும் சுளுக்குங்க மாமா, தைலம் தேச்சா போயிரும்” என்றான் கூட வந்திருந்த மச்சினன்.

மொழிபெயர்ப்புக்கு அமர்த்தியிருந்த பெண் சிரித்தாள். அவர்கள் மொழியில் இந்த வலிக்குப் பெயரே ‘தலையணையிலிருந்து விழுதல்’ தானாம். மதியம் லிவான் பகுதியில் ஒரு சின்ன வைத்திய சாலைக்கு அழைத்துப் போனாள்.

அறுபது வயதிருக்கும் அந்த வைத்தியரம்மாவுக்கு. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி. வலிக்கும் இடத்தை அவர் முதலில் தொடவே இல்லை. முகத்தைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். தூக்கம், பசி, மலச்சிக்கல், வியர்வை என்று வரிசையாகக் கேட்டார். பார்ப்பது, குரலையும் வாடையையும் கவனிப்பது, கேட்பது, நாடி பிடிப்பது என்று நோயறிய அவர்களுக்கு நான்கு வழி. கடைசியாகத்தான் என் மணிக்கட்டை ஒரு குட்டித் தலையணை மேல் வைத்து மூன்று விரல்களைப் பதித்தார். எனக்கு என் தாத்தாவின் ஞாபகம் வந்தது. நம் சித்த வைத்தியர் அந்த மூன்று விரலில் வாதம், பித்தம், கபம் பார்ப்பார். பெரும்பாலும் ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. இங்கே இரண்டு கையும் வேண்டும். இடக்கை நாடியில் இதயம், கல்லீரல், சிறுநீரகம். வலக்கையில் நுரையீரல், மண்ணீரல் என்று ஒவ்வொரு விரலுக்கும் ஓர் உறுப்பு சொல்கிறார்கள்.

“காற்றும் குளிரும் உள்ளே புகுந்து உட்கார்ந்திருக்கிறது. ஈரமும் இருக்கிறது” என்றார். ஏசியைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. வலி கழுத்தில், ஊசி கையில். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் பின்னால், புறங்கையில் ஒரு புள்ளி. தலைமுடி போன்ற மெல்லிய எஃகு ஊசியை உறையிலிருந்து பிரித்துச் செருகினார். குத்தியது தெரியவில்லை. லேசாகத் திருகியதும் ஒரு கனம், மரத்துப் போனாற்போல், முழங்கை வரை ஏறியது. அந்த உணர்வு வந்தால்தான் ஊசி சரியாக விழுந்தது என்று அர்த்தமாம். ஊசி கையிலிருக்கும்போதே கழுத்தைத் திருப்பச் சொன்னார். கொஞ்சம் திரும்பியது. இன்னும் கொஞ்சம். மச்சினன் வாயைப் பிளந்தான்.

அடுத்து குப்புறப் படுக்கவைத்தார்கள். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்தி, கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு நொடி காட்டிவிட்டு, சடக்கென்று முதுகில் கவிழ்த்தார் உதவியாளர். உள்ளே காற்று குறைய, தோல் மேலே உப்பி எழுந்தது. எண்ணெய்ச்சட்டியில் பூரி எழும்புவதுபோல் என்று மச்சினன் நேர்முக வர்ணனை செய்தான். பத்து நிமிடம் கழித்து எடுத்தபோது ஏழு கருஞ்சிவப்பு வட்டங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் தோளில் உலகமே பார்த்த அதே வட்டங்கள். ராத்திரி வீடியோவில் பார்த்த என் மனைவி, “யாரு சூடு வெச்சாங்க?” என்று கேட்டாள்.

சூடும் வைத்தார்கள், வேறு விதமாக. மாசிபத்திரி இனத்து இலையைக் காயவைத்து இடித்துப் பஞ்சாக்கி, சுருட்டுப்போல் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றவைத்து, தோலில் படாமல் கழுத்துக்கு மேலே பிடிக்க, இதமான வெப்பம் இறங்கியது. அக்குபஞ்சரும் இந்தச் சூடும் அவர்களுக்கு இரட்டைப் பிள்ளைகள்; யுனெஸ்கோ 2010-இல் இரண்டையும் சேர்த்தே மரபுச் செல்வப் பட்டியலில் ஏற்றியது. கடைசியில் கட்டைவிரலால் தோள்பட்டையை உருட்டிப் பிசைந்தது தனிச் சுகம்.

மருந்துச் சீட்டு எழுதும்போது, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறேனா என்று கேட்டார். பிரஷர் மாத்திரையைக் காட்டினேன். எழுதியதில் ஒன்றை அடித்தார். கழுத்து விறைப்புக்கு அவர்கள் கொடுப்பது சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் சாங் சோங்ஜிங் என்ற வைத்தியர் எழுதிவைத்த கஷாயம். ‘கெகென்’ என்னும் கிழங்கு, பட்டைக் குச்சி, இஞ்சி, இலந்தை, அதிமதுரம் ஆகியவற்றோடு ‘மாஹுவாங்’ என்ற செடியும் சேரும். எபிட்ரின் உள்ள செடி அது. ரத்த அழுத்தத்தை ஏற்றும். அடித்தது அதைத்தான். எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது அந்த இடத்தில்தான்.

மறுநாள் சிங்பிங் மூலிகைச் சந்தைக்குப் போனோம். சாக்குச் சாக்காகக் காய்ந்த பூ, வேர், காளான், ஆரஞ்சுத்தோல். வெற்றுச் சட்டையாக உதிர்ந்த சில்வண்டுத் தோல், குச்சியில் விரித்துக் கட்டிய பல்லி, குவியலாகக் கடற்குதிரை. 1596-இல் அச்சான லி ஷிசென்னின் மூலிகை நூல் 1,892 பொருள்களைப் பட்டியலிடுகிறது. அதில் பாதி இங்கேயே கிடைக்கும் என்று தோன்றியது. ஒரு சாக்கின் முன் மச்சினன் குனிந்தான். “மாமா, நம்ம கடுக்காய்!”

கடுக்காயேதான். பழைய சீனப் பெயர் ‘ஹலிலே’; ஹரீதகி என்ற வடமொழிப் பெயரின் தேய்வு. நகரிலேயே பழைமையான குவாங்சியாவ் கோயிலுக்குக் ‘கடுக்காய்த் தோப்பு’ என்று ஒரு பெயர் உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் அங்கு நாடு கடத்தப்பட்டு வந்த யூ ஃபான் என்ற அறிஞர் நட்ட மரங்களால் வந்த பெயர் அது.

சந்தைக்குச் சற்றுத் தள்ளி, நம் ஊரிலிருந்து போனதாகச் சொல்லப்படும் துறவி போதிதருமர் கரையேறிய இடம் என்று ஒரு குறுந்தெருவைக் காட்டுகிறார்கள். அவரைப் பற்றிய ‘ஏழாம் அறிவு’ படம் பார்த்த மச்சினனுக்கு மார்பு விரிந்தது. “வைத்தியமே நாமதான் சொல்லிக் குடுத்தோம்” என்றான். இல்லை. போதிதருமர் வந்ததாகச் சொல்லப்படுவது ஆறாம் நூற்றாண்டையொட்டி. சாங் சோங்ஜிங்கின் கஷாயம் அதற்கு முந்நூறு ஆண்டு மூத்தது. கடுக்காய் போயிருக்கிறது, அதிமதுரத்தை இரு தேசமும் அறியும். இருப்பதைச் சொன்னாலே பெருமைதான்.

அன்று மாலை யுவேசியு குன்றடியில் சான்யுவான் கோயில். நான்காம் நூற்றாண்டில் இங்கே பாவ் கூ என்ற பெண் மாசிபத்திரிச் சூடு வைத்து மருக்களைப் போக்கினார் என்கிறது மரபு. அவர் கணவர் கெ ஹோங், அவசரத்துக்குக் கைகொடுக்கும் வைத்தியக் குறிப்புகளை எழுதியவர். காய்ச்சலுக்கு ‘சிங்ஹாவ்’ செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தார். மனைவி கொளுத்தியதும் கணவர் பிழிந்ததும் ஒரே பேரினத்துச் செடிகள். 1971-இல் மலேரியா மருந்து தேடிய சீன விஞ்ஞானி தூ யோயோ, தம் சாறுகள் ஒழுங்காக வேலை செய்யாமல் திணறியபோது இந்தக் குறிப்பை மறுபடி படித்தார். பிழியச் சொன்னவர் காய்ச்சச் சொல்லவில்லையே? சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரில் சாறெடுத்தார். எலியிலும் குரங்கிலும் பார்த்து, பிறகு தானே உட்கொண்டு சோதித்தார். அப்படி வந்ததுதான் ஆர்ட்டெமிசினின். 2015-இல் நோபல் பரிசும் வந்தது.

அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று தெளிந்தது. 1,600 ஆண்டு ஏட்டில் இருந்ததால் அது மருந்தாகிவிடவில்லை. ஒரு பெண் அதைச் சந்தேகத்தோடு படித்தாள், சோதித்தாள், மருந்தாயிற்று. அதே சோதனை எல்லாவற்றுக்கும் சாதகமாக வராது. 2007-இல் ஜெர்மனியில் 1,162 முதுகுவலிக்காரர்களிடம் பார்த்தார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வழக்கமான சிகிச்சையைவிட நல்ல குணம் தெரிந்தது. ஆனால் வேண்டுமென்றே புள்ளியை விட்டு, மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே குணம். என் கழுத்தும் மூன்று நாளில் சரியானது. தலையணையிலிருந்து விழுந்த கழுத்து எப்படியும் சில நாளில் எழுந்துகொள்ளும் என்பதும் உண்மை.

ஊர் திரும்பி மிச்சக் கஷாயப் பொட்டலத்தை என் டாக்டரிடம் காட்டினேன். “அதிமதுரமும் தொடர்ந்து குடிச்சா பிரஷர் ஏறுங்க” என்றார். நிறுத்திவிட்டேன். வைத்தியரம்மா ஒன்றைக் கவனித்தார், இவர் இன்னொன்றை.

குவாங்சௌ போனால் நாடியைக் காட்டுங்கள், ஊசியும் குத்திக்கொள்ளுங்கள், அனுபவம் நல்லது. கடற்குதிரை வாங்காதீர்கள், கடலில் அது குறைந்துகொண்டே வருகிறது. தினமும் விழுங்கும் மாத்திரையின் அட்டையைச் சட்டைப்பையில் எடுத்துப் போங்கள். அதைக் கேட்காமல் மருந்து எழுதும் வைத்தியர் எந்த நாட்டுக்காரரானாலும், எழுந்து வந்துவிடுங்கள்.