ஸ்டார்ட் பட்டன் இல்லாத தம்பி

மும்பையை அடுத்த டோம்பிவிலியில் ஓர் இரண்டறை வீடு. 1990-களின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. மின்விசிறிக்குக் கீழே பாயைப் போட்டு அண்ணனும் தம்பியும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணனுக்குப் பதினான்கு வயது, தம்பிக்குப் பத்து. டிவியோடு இணைத்திருப்பது ‘டிவி கேம்’. ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 1983-ல் வெளியிட்ட ஃபேமிகாமின் மலிவான நகல் அது. கேசட்டின் மேல் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் அதே பத்துப் பன்னிரண்டுதான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும்.

கன்ட்ரோலர்கள் இரண்டு. அண்ணன் கையில் இருப்பதில் ஸ்டார்ட் பட்டன் உண்டு, தம்பியுடையதில் கிடையாது. இது நகல் செய்தவர்களின் கஞ்சத்தனம் அல்ல. மூல ஃபேமிகாமிலேயே இரண்டாவது கன்ட்ரோலருக்கு அந்தப் பட்டன் வைக்கப்படவில்லை. ஆட்டத்தைத் தொடங்கும் அதிகாரம் முதல் ஆட்டக்காரருக்கு மட்டும்தான்.

“அண்ணா, எனக்கு எப்போ?”

“இருடா. நான் செத்தப்புறம்.”

அந்தப் பதிலில் குரூரம் எதுவும் இல்லை, அதுதான் ஆட்டத்தின் விதி. 1985-ல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தில் இருவர் ஆடினால், மாரியோ பள்ளத்தில் விழுந்தாலோ ஆமையிடம் மாட்டினாலோதான் தம்பி லூயிஜியின் முறை வரும். அண்ணனோ கெட்டிக்காரன், லேசில் சாகமாட்டான். அவன் எப்போது விழுவான் என்று தம்பி மனதுக்குள் வேண்டிக்கொண்டிருப்பான். அதை நினைத்து ராத்திரி பயப்படவும் செய்வான்.

பள்ளியிலும் கதை இதுதான். அண்ணன் போட்ட சட்டை, அண்ணன் படித்த புத்தகம், அண்ணனுக்குப் பாடம் நடத்திய அதே ஆசிரியர்கள். “நீ அவனோட தம்பியா?” என்ற கேள்வியில் எதிர்பார்ப்பு இருக்கும். முதல் பரீட்சைக்குப் பிறகு அதே கேள்வியில் ஏமாற்றம் இருக்கும்.

லூயிஜியின் ஜாதகமும் ஏறக்குறைய இப்படித்தான். 1983-ல் ‘மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்துக்கு இரண்டாவது ஆள் தேவைப்பட்டபோது, மாரியோவின் உருவத்துக்கே வேறு வண்ணம் பூசிப் பச்சைச் சட்டைக்காரன் ஒருவனை உருவாக்கினார்கள். புதிய உருவம் வரைந்து சேர்க்க அன்றைய இயந்திரத்தின் நினைவகத்தில் இடம் இல்லை. ஜப்பானியர் லூயிஜி என்பதை ‘ருயீஜி’ என்று உச்சரிக்கிறார்கள். அந்த மொழியில் ‘ருயிஜி’ என்ற சொல்லுக்கு ‘ஒத்திருப்பது’ என்று பொருள்.

லூயிஜிக்கென்று ஒரு சுபாவம் 1986-ல்தான் வந்தது. ஜப்பானில் மட்டும் வெளியான இரண்டாவது பாகத்தில் அவன் அண்ணனைவிட உயரமாகத் தாவினான். ஆனால் தரையில் பிடிமானம் குறைவு, நிற்க நினைத்தாலும் வழுக்கிக்கொண்டே போவான். அந்த ஆட்டம் படுகடினம். சாப்பிட்டால் சாகடிக்கும் விஷக் காளான், தாவும்போது தள்ளிவிடும் காற்று, முன்னேற்றுவதாக ஆசை காட்டிப் பின்னால் கொண்டுபோய்விடும் குறுக்குவழி என்று எல்லாம் இருந்தன. அமெரிக்கர்களுக்கு இது தாங்காது என்று கருதி, 1988-ல் அவர்களுக்கு வேறோர் ஆட்டத்தை மாற்றியமைத்து அதே பெயரில் விற்றார்கள். உண்மையான இரண்டாம் பாகம் அமெரிக்கா போய்ச் சேர 1993 ஆனது.

முப்பது ஆண்டு காத்திருந்த பிறகு தம்பிக்கு நேரம் வந்தது. 2013-ஐ ‘லூயிஜி ஆண்டு’ என்று அறிவித்தார் நின்டென்டோவின் அப்போதைய தலைவர் சதோரு இவாடா. அதையொட்டி வந்ததுதான் ‘நியூ சூப்பர் லூயிஜி யு’. முந்தைய ஆண்டு வெளியான மாரியோ ஆட்டத்தின் விரிவாக்கம் அது. வரைபடம் அண்ணனுடையதுதான். ஆனால் அதிலுள்ள 82 லெவல்களையும் லூயிஜிக்காகவே புதிதாக அமைத்தார்கள். லெவல்கள் குட்டையானவை, ஆனால் கரடுமுரடானவை. அவனுடைய உயரத் தாவலை நம்பித்தான் பல பள்ளங்களை வெட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு மாற்றம் கடிகாரத்தில். மாரியோவுக்கு ஒரு லெவலைக் கடக்க 300, 400 என்று தாராளமாக நேரம் தருவார்கள். அது 100-க்கு இறங்கியதும் எச்சரிக்கை ஒலிக்கும், இசை வேகம் பிடிக்கும். லூயிஜிக்குக் கடிகாரம் தொடங்குவதே 100-ல்தான். அண்ணனுக்குக் கடைசி எச்சரிக்கையாக வருவது தம்பிக்குப் பிள்ளையார் சுழி.

முதலில் இதைத் தனியாக ஆட முடியவில்லை. இணையம் வழியாக வாங்கியவர்களிடம் மாரியோ ஆட்டம் ஏற்கெனவே இருந்தாக வேண்டும், அண்ணன் இல்லாமல் தம்பி ஓடமாட்டான். சில வாரங்களில் பச்சைப் பெட்டியில் தனி ஆட்டமாகவும் கடைக்கு வந்தது. அதற்கான வீ யு இயந்திரம் சந்தையில் சோபிக்கவில்லை. 2019 ஜனவரியில் ஸ்விட்ச் இயந்திரத்துக்காக இரண்டு ஆட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்து வெளியிட்டார்கள்.

டோம்பிவிலித் தம்பிக்கு இது அறிமுகமானது அந்தப் பதிப்பில்தான். இப்போது அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. இரண்டு பெண்கள். சின்னவளுக்குத்தான் எப்போதும் பச்சைச் சட்டை கிடைக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் லூயிஜி ஆட்டத்தைத் திறந்தாள். தொடக்கக் காட்சியில் மாரியோ இல்லை. அவனுடைய சிவப்புத் தொப்பி மட்டும் மேஜைமேல் கிடந்தது.

“அப்பா, மாரியோ எங்கே போயிட்டான்?”

“வெளியூர் போயிருப்பான்.”

“செத்துப் போகலையே?”

“சேச்சே, இல்லம்மா.”

பதில் சொன்ன பிறகு அவர் சற்று நேரம் பேசவில்லை. பத்து வயதில் அவருக்கு இருந்த பயமும் இதுதான். தன் முறை வரவேண்டும் என்றால் அண்ணன் விழுந்தாக வேண்டும். இங்கே அப்படி இல்லை, அண்ணன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எங்கோ சௌக்கியமாக இருக்கிறான். தம்பி ஆடுகிறான். இப்படியும் ஓர் ஏற்பாடு இருக்கலாம் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

அந்த வருடத் தீபாவளிக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்தார். இப்போது பெங்களூரில் பெரிய வேலை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை. குழந்தைகள் வற்புறுத்தியதால் கன்ட்ரோலரை வாங்கினார். பழைய நிதானத்தோடு ஆடினார். ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பிலும் நின்று, அளந்து, பிறகு தாவப் பார்த்தார். லூயிஜி நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டுபோய் விழுந்தான். அடுத்த முறை விழாமல் போனார், ஆனால் பாதி வழியில் நேரம் தீர்ந்துவிட்டது. ஏழெட்டு முறை இதே கதி.

“இவன் நிக்கவே மாட்டேங்கறானேடா. எப்படி நிறுத்தறது?”

“நிறுத்தப் பாக்காதே அண்ணா. போய்க்கிட்டே இருக்கணும். வழுக்கறதைச் சேர்த்துக் கணக்குப் போட்டுத் தாவு.”

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். “உனக்கு எப்பவுமே இப்படித்தான் இருந்துதா?”

கேட்டது ஆட்டத்தைப் பற்றியா, மற்றதைப் பற்றியா என்று தெரியவில்லை. தம்பி இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டினார்.

இளையவர்களுக்குச் சலுகை தருவதாக நினைத்துப் பாதையைச் சுலபமாக்கும் பெற்றோர் உண்டு. அண்ணனின் பாதையிலேயே அண்ணனின் வேகத்தில் போகச் சொல்லும் பெற்றோர் அதைவிட அதிகம். லூயிஜிக்கு ஆட்டத்தை அமைத்தவர்கள் இரண்டையும் செய்யவில்லை. பாதையை முன்பைவிடக் கடினமாக்கினார்கள், நேரத்தையும் குறைத்தார்கள். ஆனால் குறை என்று சொல்லப்பட்ட வழுக்கலையும், யாரும் கவனிக்காத தாவலையும் கணக்கில் எடுத்துக்கொண்டு கடினமாக்கினார்கள். பள்ளங்கள் அவன் காலுக்கு அளவெடுத்து வெட்டியவை. அதனால்தான் அதில் விழும்போதும் அவமானமாக இருப்பதில்லை.

அண்ணன் ஒன்பதாவது முறையும் விழுந்தார். சிரித்துக்கொண்டே கன்ட்ரோலரைத் தம்பி பக்கம் நீட்டினார்.

“நான் செத்துட்டேன்டா. உன் முறை.”

தம்பி வாங்கிக்கொண்டார். கட்டைவிரல் தானாக நகர்ந்து தொடங்கும் பட்டனைத் தேடியது. இந்தக் கன்ட்ரோலரில் அது இருந்தது.