நான் திருத்திய பந்தயத் துவிச்சக்கரவண்டி

2009 இல் போர் முடிந்தபோது வன்னி மக்கள் கைவிட்டுச் சென்ற எண்ணற்ற துவிச்சக்கரவண்டிகள் முல்லைத்தீவுக் கரையோரத்தில் கிடந்தன. சில ஆண்டுகளின் பின், கிளிநொச்சியில் பழைய இரும்புக் கடையொன்றில், வளைந்த கைபிடியுடைய பழைய றேசிங் சைக்கிள் ஒன்றை வாங்கினேன்.

சங்கிலியை மண்ணெண்ணெயில் கழுவி, 24 கண்ணிகளை அளந்தேன். புதிய சங்கிலியில் அவை 12 அங்குலம் இருக்கும். இதிலோ தேய்மானத்தால் கால் அங்குலம் கூடியிருந்தது, எனவே மாற்றினேன். டயர் வாங்கும்போதும் அவதானம் தேவை. பழைய 27 அங்குலச் சக்கரத்தில் டயர் பொருந்தும் விட்டம் 630 மில்லிமீற்றர். இன்றைய 700சீ சக்கரத்தில் 622 மில்லிமீற்றர். ஒன்றின் டயர் மற்றதற்குப் பொருந்தாது.

துருவை அகற்றியபோது, சட்டத்தின் அடியில் ஆணியாற் கீறிய இரண்டு எழுத்துகள் தெரிந்தன. பலரிடம் விசாரித்தும் உரியவரை அறிய முடியவில்லை. ஆகவே வர்ணம் பூசும்போது அவ்விடத்தை மட்டும் மூடாமல், துருப்பிடிக்காதபடி எண்ணெய் தடவி வருகின்றேன். என்றாவது ஒருவர் "இது எங்கள் வீட்டு வண்டி" என்று வந்தால், அவர் அடையாளம் காண வேண்டுமல்லவா?

மாணவர்களே, பழைய பொருளைப் புதுப்பிப்பது நல்ல பழக்கம். ஆனால் அரத்தை எடுக்கமுன், அதில் உரியவரின் அடையாளம் உண்டா என முதலிற் பாருங்கள்.