ஆயிரத்து நானூறு ரூபாய் பைனாகுலர்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு நான் போனது தையல் மிஷினுக்கு ஒரு ஸ்டாண்டு தேடி. வாங்கி வந்தது பைனாகுலர். அந்தச் சந்தைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

தார்ப்பாயை விரித்து ரிமோட், டெலிபோன் ரிசீவர், பூட்டு இல்லாத சாவிக்கொத்து என்று குவித்து வைத்திருந்தார் ஒருவர். நடுவில் கறுப்பாக, பட்டை அறுந்து கிடந்தது அது. ஒரு பக்கம் ‘கார்ல் ஜெய்ஸ் ஜெனா, டி.டி.ஆர்.’ என்றும் மறுபக்கம் ‘ஜெனாப்டெம் 8×30’ என்றும் பொறித்திருந்தது.

“மிலிட்டரி மாலுக்கா. மூவாயிரம்” என்றார். சந்தையில் கனமாக இருப்பதெல்லாம் மிலிட்டரிதான்.

டி.டி.ஆர். என்றால் கிழக்கு ஜெர்மனி. 1990-க்குப் பிறகு அப்படி ஒரு நாடே இல்லை. உலகப் போருக்குப் பின் நாடு பிரிந்தபோது ஜெய்ஸ் கம்பெனியும் பிரிந்து, ஜெனாவில் ஒன்று, மேற்கே ஓபர்கோகனில் ஒன்று என இரண்டானது. 8 என்பது எத்தனை மடங்கு கிட்டே தெரியும் என்ற கணக்கு. 30, முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில்.

கல்லூரி பிசிக்ஸ் லேபில் இருபது வருஷமாக லென்ஸ் துடைக்கிறவள் நான். பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்து, பெரிய கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்தேன். இடது குழாயின் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி கொஞ்சம் பூஞ்சை. நடுவில் இல்லை. பிறகு தூரத்து விளம்பரப் பலகையின் மேல் விளிம்பைப் பார்த்தபடியே பைனாகுலரை முகத்திலிருந்து மெல்லத் தள்ளிப் பிடித்தேன். இரண்டு வட்டத்திலும் அந்தக் கோடு ஒரே உயரத்தில் இருந்தது. ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால், உள்ளே இருக்கும் பட்டகங்கள் அசைந்துவிட்டன என்று அர்த்தம். சும்மா கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

ஆயிரத்து நானூறுக்குப் படிந்தது.

வாங்கியது அப்பாவுக்காக. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு எங்களோடு சிட்லபாக்கத்தில் இருக்கிறார். பால்கனியிலிருந்து பார்த்தால் ஏரி தெரியும். அங்கேதான் நாள் முழுக்க நாற்காலி. சமீபமாக டி.வி. பார்ப்பதை விட்டுவிட்டார், “கண்ணு கூசுது” என்று. படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். முழங்கால் வலி என்று நினைத்தோம். பேப்பரை மட்டும் ஒரு வரி விடாமல் படிப்பார். அதனால் கண்ணைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஊதுபந்தால் தூசியை ஊதி, மென்மையான பிரஷ்ஷால் தட்டி, அப்புறம்தான் லென்ஸ் பேப்பரும் திரவமும். முதலிலேயே புடவைத் தலைப்பால் துடைத்தால் தூசியே கண்ணாடியைக் கீறிவிடும். ஸ்க்ரூவைத் தொடவே இல்லை. புதுப் பட்டை போட்டு அப்பாவிடம் கொடுத்தேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. பக்கத்துல பக்கத்துல ரெண்டு ரெண்டா தெரியுது, அவ்வளவுதான்.”

நான் பார்த்தேன். எனக்கு ஒன்றுதான். சந்தையில் நான் சோதித்தது உயரத்தை மட்டும்தானே, பக்கவாட்டில் கோணியிருக்குமோ என்று தோன்றியது. சின்னக் கோணலை நம் கண்ணே இழுத்துச் சரிசெய்துகொள்ளும். வயதான கண்ணுக்கு அது முடியாமல் போகலாம்.

அண்ணா சாலைப் பக்கம் ஒரு மாடியறையில் கேமராவும் மைக்ராஸ்கோப்பும் பழுது பார்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். ஒரு கருவியில் மாட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “லைன் சுத்தமா இருக்கும்மா. கிரீஸ்தான் காஞ்சு போச்சு, மாத்தித் தரேன். யாருக்கு ரெண்டா தெரியுது?”

“எங்க அப்பாவுக்கு.”

“இது இல்லாம பார்த்தா?”

நான் அதைக் கேட்கவே இல்லை.

“சுகர் இருக்கா?” என்றார். அதற்குப் பதில் எனக்குத் தெரியும். பஸ்ஸுக்குக் காத்திருக்கத் தோன்றாமல் ஆட்டோ பிடித்தேன்.

அப்பா தலையை லேசாக வலப்பக்கம் திருப்பி வைத்தபடி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படி உட்காருவதைப் பல நாளாகப் பார்த்திருக்கிறேன். பார்த்து என்ன!

“அப்பா, அந்தக் கரண்ட் கம்பத்துல எத்தனை காக்கா?”

ஒரு கண்ணை மூடினார். “ஒண்ணு.”

“கண்ணை மூடாம சொல்லுங்க.”

பதில் வரவில்லை. அப்புறம், “ரெண்டு” என்றார். “மூணு வாரமா இப்படித்தான்.”

மாத்திரையையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போட்டிருக்கிறார். மகள் வீட்டில் இருக்கும் அப்பாக்களுக்கு ஒரு கூச்சம் உண்டு. மாப்பிள்ளை காசில் மாத்திரை அட்டை சீக்கிரம் தீரக் கூடாதாம். எனக்கு வந்த கோபத்தில் அன்று சாப்பாடு போடவே இல்லை. என் கணவர்தான் பரிமாறினார்.

மறுநாள் டாக்டர் முதலில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். திடீரென்று எதுவும் இரண்டாகத் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாதாம், மூளையில் கோளாறாகவும் இருக்கலாம் என்றார். நல்லவேளை, அது இல்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை 268. வலது கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் நரம்பு சர்க்கரையால் சோர்ந்து போயிருந்தது. கிட்டத்தில் பார்க்க அந்த நரம்புக்கு அதிக வேலையில்லை. தூரத்தில் பார்க்கத்தான் அது வேண்டும். பேப்பர் மட்டும் ஏன் தெரிந்தது என்று அப்போதுதான் விளங்கியது. சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும், அதுவரை ஒரு கண்ணை மறைத்துக்கொள்ளலாம் என்றார்.

கண் பட்டையோடு, பைனாகுலரின் ஒரு குழாயில் மட்டும் அப்பா நீர்க்காகங்களைப் பார்த்தார். அதைப் பத்திரப்படுத்தும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். தோல் உறை ஈரத்தை இழுக்கும் என்பதால் காற்றுப் புகாத சம்படத்தில், துணிப்பையில் சிலிகா ஜெல்லோடு வைத்தோம். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று கணக்கு. சமையலுக்கு உதவாத பழைய வாணலியில் சிறுதீயில் சூடாக்கினால் திரும்ப நீலமாகும். வாணலியோடு அடுப்பங்கரையில் அப்பாவைப் பார்ப்பது வீட்டுக்கே புதுசு. மாத்திரை அட்டையையும் அதே சம்படத்தின் மேல்தான் வைத்தேன்.

பூஞ்சைத் தடம் ஓரத்தில் அப்படியேதான் இருக்கிறது. லென்ஸ் பூச்சை அது அரித்துவிட்டது. துடைத்துப் போகாது.

பதினோராவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சம்படத்தைத் திறந்தேன். பைனாகுலருக்குப் பக்கத்தில் கண் பட்டை ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“எப்போலேர்ந்துப்பா?”

“புதன்கிழமைலேர்ந்து ஒண்ணாத்தான் தெரியுது” என்றார்.

அதையும் சொல்லவில்லை, பாருங்கள்.