ஓலை வாசித்த இரண்டு கோயில்கள்

அப்பாவுக்கு மேல்பட்டாம்பாக்கம், அம்மாவுக்குச் சிதம்பரம். இரண்டு வீட்டாரும் லுத்தரன்தான். ஆனாலும் அவர்கள் கல்யாணத்தில், ஏதோ வேறு மதத்துக்காரர்கள் சம்பந்தம் செய்வதுபோல் அத்தனை விசாரணை நடந்ததாம். அப்பா வீட்டார் ஏ.எல்.சி., அதாவது ஆற்காடு லுத்தரன் திருச்சபை. ஊரார் வாயில் அது டேனிஷ் மிஷன். அம்மா வீட்டார் டி.இ.எல்.சி., தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. அது எங்கள் ஆயாவுக்குக் கடைசிவரை லேப்சிக் மிஷன்தான். இரண்டு கோயிலிலும் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்து, இரண்டு சபைக் குருக்களான ஐயர்மாரும் கடிதம் மாற்றிக்கொண்ட பிறகுதான் தாலி. மருமகள் குழம்பில் புளி கூடிப்போனால், “லேப்சிக்காரங்க வூட்டுல இப்டித்தான் வெப்பாங்களாட்டம் இருக்கு” என்பாள் ஆயா. லேப்சிக் ஜெர்மனியில் இருக்கிறது, அங்கே புளியே கிடையாது என்று அப்பா சொன்னதெல்லாம் எடுபடவில்லை.

ஞாயிறு தோறும் கடலூர் புதுநகரில் எங்கள் கோயில், பெரிய விடுமுறைக்குச் சிதம்பரத்தில் அம்மாச்சி வீட்டுக் கோயில், அறுப்பின் பண்டிகைக்கு மேல்பட்டாம்பாக்கம் என்று வளர்ந்தேன். திருப்பாதிரிப்புலியூரில் பாசஞ்சர் ஏறினால் வரக்கால்பட்டு, நெல்லிக்குப்பம், அடுத்தது மேல்பட்டாம்பாக்கம். நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை வாசனை ஜன்னலுக்குள் வந்ததும் ஆயா பைகளை எண்ணத் தொடங்குவாள்.

மேல்பட்டாம்பாக்கத்தில் டேனிஷ்காரர்களுக்கு வேர் விட்டுக் கொடுத்தவர் ஒரு ஜெர்மானியர். கார்ல் ஓக்ஸ் என்று பெயர். லேப்சிக் மிஷன் ஊழியராகத்தான் அவர் தமிழ்நாட்டுக்கு வந்தார். சபைக்குள் சாதி வழக்கத்தைப் பொறுத்துப் போகலாம், மெல்ல மாறட்டும் என்பது அப்போதைய லேப்சிக் தலைமையின் நிலை. ஓக்ஸ் அதை ஏற்கவில்லை. பெரிய வாக்குவாதம், கடைசியில் விலகல். 1860களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக வேலையைத் தொடங்கினார். கொஞ்ச நாளில், 1821இல் தொடங்கப்பட்ட டேனிஷ் மிஷனெரி சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. எங்கள் அப்பாவின் முன்னோர் மாதிரிச் சுற்றுவட்டாரச் சேரிகளிலிருந்து வந்து சேர்ந்தவர்கள்தான் அந்தச் சபையின் பெரும்பகுதி. ஆக, ஓலை இரண்டு கோயிலில் வாசிக்க வேண்டி வந்ததற்கு லூத்தரின் உபதேசம் காரணமில்லை. நம்மூர் சாதியும் அதைப் பற்றி இரண்டு வெள்ளைக்காரர்கள் கொண்ட இரண்டு அபிப்பிராயமும்தான் காரணம். இதை வேதபாட வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. ஆயாவுக்குத் தெரிந்திருந்தது. “அவுங்க மேல, நாம கீழனு இருந்த காலம்” என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வாள்.

அறுப்பின் பண்டிகை ஏலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் வாழைத்தார், பலாப்பழம், கரும்புக் கட்டு, பூசணி, கால் கட்டிய சேவல் எல்லாம் வரிசையாக இருக்கும். சபை ஊழியரான உபதேசியார்தான் ஏலம் விடுவார். ஒரு வருஷம் டென்மார்க்கிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் சந்தன மாலை, எல்லோர் முகமும் வெயிலில் தக்காளி நிறம். அவர்களில் ஓர் அம்மாள் வணக்கம் சொல்லக் கையை உயர்த்த, “தொரைசாணியம்மா நூறு ரூபா!” என்றார் உபதேசியார். சேவல் அந்த அம்மாள் மடிக்கு வந்துவிட்டது. இறங்க மறுத்தது. அவரும் விடவில்லை, அன்று முழுக்கச் சேவலோடே உட்கார்ந்திருந்தார். மதியம் பிரியாணி பரிமாறியபோது இலையையும் சேவலையும் மாறி மாறிப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அன்று காலை ஆராதனையில் லூத்தரின் பழைய ஞானப்பாட்டு ஒன்றை ஒரே நேரத்தில் அவர்கள் டேனிஷிலும் நாங்கள் தமிழிலும் பாடினோம். ராகம் ஒன்று. ஆனால் ஆர்மோனியக்காரர் இழுக்கிற இழுப்பில் அவர்கள் ஒரு சரணம் முடித்து மூச்சு வாங்கும்போது நாங்கள் மூன்றாம் அடியில் இருந்தோம். நாடு கடந்த ஐக்கியம் என்று பிரசங்கத்தில் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும், பாட்டு முடிவில் ஆமென் மட்டும்தான் சேர்ந்து வந்தது.

கடலூருக்கு இந்தக் கூட்டு வேலை புதிதில்லை. 1706இல் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். அரசர் டேனிஷ், ஆள் ஜெர்மானியர், அவருக்குப் பின்பலம் ஜெர்மனியின் ஹாலே நகரம், அச்சு இயந்திரம் அனுப்பியது லண்டனில் இருந்த ஆங்கிலிக்கன் சங்கம். சில வருஷங்களில் கடலூரில் ஒரு பள்ளிக்கூடமும் போட்டார்கள். 1740இல் இங்கே வந்த மிஷனெரி கீர்னாண்டர் சுவீடன்காரர். படித்தது ஹாலேயில், சம்பளம் லண்டனிலிருந்து. தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டை கம்பீரமாக நின்ற காலம் அது. 1749இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கர் கோயில் ஒன்றைப் பறித்து இவரிடம் ஒப்படைத்தார்கள். இதைப் பெருமையாகச் சொல்கிற புத்தகங்கள் உண்டு, எனக்கு அதில் பெருமை எதுவும் தெரியவில்லை. 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோது கீர்னாண்டர் கல்கத்தா போய்விட்டார். சிறுவயதில் கோட்டைச் சுவரின் மிச்சத்தில் ஏறி உட்கார்ந்து நாங்கள் மாங்காய் தின்றிருக்கிறோம். எங்கள் சபை வரலாற்றுக்கு அங்கே ஒரு பக்கம் உண்டென்று அப்போது தெரியாது.

சிதம்பரம் போகும் பஸ் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி பி.முட்லூரில் நிற்கும். அங்கிருந்து இடது பக்கம் பிரிந்தால் பரங்கிப்பேட்டை. அம்மாச்சியின் அக்கா அங்கே இருந்ததால் அடிக்கடி இறங்குவோம். அவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில்தான் சேவாமந்திர் பள்ளி. ஆன் மேரி பீட்டர்சன் என்ற டேனிஷ் பெண் நிறுவியது. 1909இல் மிஷனெரியாக வந்தவர், 1917இல் தோழி எஸ்தர் ஃபேரிங்குடன் காந்தியின் ஆசிரமத்துக்குப் போய் அவரைப் பார்த்தார். பிறகு அந்த இரண்டு பெண்களும் மிஷன் சொன்ன வரம்புக்குள் நிற்கவில்லை. எஸ்தர் காந்தியோடு நெருங்கியது ஆங்கிலேய அரசுக்கும் பிடிக்கவில்லை, மிஷனிலும் தலைவலி. இருவரும் மிஷனைவிட்டு வெளியேறினார்கள். எஸ்தர் ஒரு மேனனை மணந்தார். காந்தி அவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னால் புத்தகமாகவே வந்தன. பீட்டர்சன் பரங்கிப்பேட்டையில் பெண்களுக்குத் தேசியப் பள்ளி தொடங்கினார், 1921 செப்டம்பரில் காந்தியே வந்து அடிக்கல் நாட்டினார். கதர் கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்கு ராட்டை சொல்லிக்கொடுத்துக்கொண்டு, 1951இல் இறக்கும் வரை அவர் இந்நாட்டை விடவில்லை. டென்மார்க்கில் குருந்த்விக் என்ற லுத்தரன் குரு, ஏட்டுப் படிப்பை விட மக்கள் தங்கள் பேச்சிலும் வாழ்விலும் படிக்க வேண்டும் என்று கிளப்பிய கல்வி இயக்கத்தின் பிள்ளை அவர். இங்கே வந்து அதைக் காந்தியிடம் மறுபடி கண்டுகொண்டார்.

அம்மாச்சியின் அக்காவான எங்கள் பெரிய பாட்டி சேவாமந்திரில் நூல் நூற்றவர். தொரைசாணி என்று கூப்பிட்டால் பீட்டர்சனுக்குக் கோபம் வரும் என்பார். இரு நாட்டுச் சபைகளின் உறவு என்று யாராவது மேடையில் பேசினால், நிர்வாகக் குழுக்களை எல்லாம் தள்ளிவிட்டு நான் முதலில் இந்த அம்மாளைத்தான் நினைக்கிறேன். எந்தச் சபையும் கையெழுத்துப் போட்டு அனுப்பாத உறவு அது.

சிதம்பரத்துக் கோயில் கொஞ்ச குடும்பங்களுக்கான கோயில். மார்கழியில் கேரல் பாடக் கிளம்பினால் தெருவெல்லாம் பூசணிப்பூ வைத்த கோலம். மிதிக்காமல் நடப்பதே பெரிய வேலை. திருவாதிரைத் தரிசனத்துக்கு வந்த கூட்டம் ஒரு பக்கம், பெட்ரோமாக்ஸ் தூக்கிக்கொண்டு நாங்கள் ஒரு பக்கம். மாமா மேல வீதியில் நின்று தேரைப் பார்த்துவிட்டுத்தான் கேரலுக்கு வருவார். அவருக்கு ஷோமெரூஸ் என்றால் உயிர். லேப்சிக் மிஷனெரியாகத் தமிழ்நாட்டில் இருந்தவர், சைவ சித்தாந்தத்தைப் பற்றி 1912இல் ஜெர்மனில் பெரிய புத்தகம் எழுதினார். 1923இல் திருவாசகத்தை ஜெர்மனில் தந்தார். “நமக்கு அவங்க லூத்தரைக் குடுத்தாங்க, நாம அவங்களுக்கு மாணிக்கவாசகரைக் குடுத்தோம், கணக்கு நேர்” என்பார் மாமா.

முதல் உலகப் போரில் ஜெர்மானியரை அரசு வெளியேற்றியபோது சுவீடன்காரர்கள் வந்து லேப்சிக் சபைகளைத் தாங்கினார்கள். 1919இல் டி.இ.எல்.சி. பிறந்தது, 1921இல் சுவீடன்காரர் ஹெய்மன் முதல் அத்தியட்சர், அதாவது பிஷப். 1956இல்தான் மாணிக்கம் என்ற தமிழர் அந்த நாற்காலிக்கு வந்தார். கிழக்கு ஜெர்மனியில் கம்யூனிஸ்ட் ஆட்சி இருந்த காலத்தில் லேப்சிக்கிலிருந்து ஆள் வருவது அபூர்வம். பெர்லின் சுவர் விழுந்த பிறகு மறுபடி வரத் தொடங்கினார்கள். இதற்கிடையில் எங்கள் ஏ.எல்.சி. பையன்களும் அம்மா பக்கத்து டி.இ.எல்.சி. பையன்களும் கீழ்ப்பாக்கம் குருகுல் இறையியல் கல்லூரியில் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு ஐயர்களாகித் திரும்பி வந்து, அவரவர் திருச்சபையில் தனித்தனியாகப் பிரசங்கம் செய்தார்கள். பால்டிக் கடல் கடந்து கைகுலுக்குகிறோம், பக்கத்துத் தெருவுக்கு மட்டும் கடிதம் வேண்டியிருக்கிறது.

ஒருமுறை ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு குரு, சிதம்பரத்தில் ஆராதனைக்குப் பிறகு தேநீர் குடித்தபடி தம் ஊர் நிலைமையைச் சொன்னார். கோயில் பெரியது, பழையது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசை பெஞ்சு நிறைந்தாலே பெரிய விஷயமாம். பிள்ளைகள் வருவதே இல்லையாம், எங்களுக்காக ஜெபம் பண்ணுங்கள் என்றார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தபோது மாமா கேட்டார்: “ஐயரே, உங்களுக்கு உபதேசியாருங்க வேணுமா? இங்கேருந்து அனுப்புறோம். முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி நீங்க அனுப்பலயா?” மொழிபெயர்த்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். வந்தவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சரி, எத்தனை பேர் என்று டைரியைத் திறந்தார். மாமா உடனே அம்மா பக்கம் திரும்பி, “ஏம்மா, அங்க குளிரு எவ்ளோ இருக்கும்?” என்று மெதுவாகக் கேட்டார்.