பழைய கோவாவின் பாதிக் கோபுரம்

பழைய கோவாவுக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒன்று, சவேரியாரின் உடல் வைக்கப்பட்டிருக்கும் பாம் ஜீசஸ் பேராலயம். இன்னொன்று, அதற்கு எதிரே இருக்கும் சே கதீட்ரல். பேராலயத்துக்கு மேற்கே மேடேறிப் போகும் சாலையைப் பலர் கவனிப்பதே இல்லை. அந்த மேட்டுக்கு மோந்தே சாந்தோ, அதாவது புனிதக் குன்று என்று பெயர். உச்சியில் புனித அகுஸ்தீனார் ஆலயத்தின் மணிக்கோபுரம் பாதியாக நிற்கிறது. பாதி என்றாலும் உயரம் 46 மீட்டர்.

1510-ல் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க் கைப்பற்றிய பிறகு போர்த்துக்கீசியரின் கீழைத் தலைநகரானது இந்த ஊர். கோவாவைப் பார்த்தவன் லிஸ்பனைப் பார்க்கத் தேவையில்லை என்று அவர்களே பெருமை பேசிக்கொண்டார்கள். சபைக்குச் சபை போட்டி போட்டுக்கொண்டு கோயில் கட்டிய காலம் அது. 1572-ல் வந்து சேர்ந்த அகுஸ்தீன் சபைத் துறவிகள் ஊரையும் மாண்டோவி ஆற்றையும் பார்த்தபடி இருக்கும் இந்த மேட்டைப் பிடித்தார்கள். அருள்மாதா பெயரில் அவர்கள் எழுப்பிய ஆலயம் 1602-ல் முடிந்தது. உள்ளே எட்டுச் சிற்றாலயங்கள், நான்கு பீடங்கள். ஒட்டினாற்போல் பெரிய மடம்.

இடிபாட்டைப் பார்க்கிற யாருக்கும் முதலில் தோன்றுவது, எந்தப் படை வந்து இடித்தது என்ற கேள்விதான். எந்தப் படையும் வரவில்லை. போர்ச்சுகலில் ஆட்சிக்கு வந்த தாராளவாத அரசு 1834-ல் ஆண் துறவிகளின் சபைகளைக் கலைத்தது. மறு ஆண்டு இந்த மடம் காலியானது. ஏழே ஆண்டில், 1842-ல், ஆலயத்தின் வளைவுக் கூரை சரிந்தது. 1931-ல் முகப்பும் கோபுரத்தின் பாதியும் விழுந்தன. 1938-ல் இன்னும் கொஞ்சம். ஆக, கட்டியவர்களின் நாடே ஆளை வெளியேற்றியது. மிச்சத்தை மழை பார்த்துக்கொண்டது.

இதில் கல்லின் பங்கும் உண்டு. பழைய கோவாவின் கட்டடங்கள் பெரும்பாலும் செம்பாறாங்கல். குமரி மாவட்டத்தில் வெட்டுக்கல் என்பார்களே, அதேதான். தோண்டும்போது எளிதாக அறுபடும், காற்றுப் பட்டதும் இறுகும். ஆனால் உடம்பெல்லாம் துளை. மேலே சுண்ணாம்புக் காரை இருக்கும் வரைதான் கோவா மழையைத் தாங்கும். காரையைப் புதுப்பிக்க ஆளில்லாத கட்டடத்துக்கு ஒவ்வொரு பருவமழையும் ஒரு வெட்டு. இன்று கோபுரத்தின் செந்நிறத்தைப் பார்த்து மயங்கிப் படமெடுக்கிறோம். அது தோல் உரிந்த நிறம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

எதிர்ப்பக்கம் இருக்கும் சாந்தா மோனிக்கா கன்னியர் மடம் இன்றும் கூரையோடு நிற்கிறது. அதே சபை மரபு, ஏறக்குறைய அதே காலம், அதே கல். வித்தியாசம் இதுதான்: பெண் துறவிகள் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்று அரசு சொன்னதே தவிர, இருந்தவர்களை வெளியேற்றவில்லை. கடைசிக் கன்னியர் 1885-ல் இறக்கும் வரை அங்கே விளக்கெரிந்தது. கட்டடத்தைக் காப்பது எது என்று கேட்பவர்களுக்கு இந்தச் சாலையின் இரண்டு பக்கங்களையும் காட்டினால் போதும்.

இப்போது இடிபாடுகள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. 1986-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றிய கோவா ஆலயங்களின் தொகுதியில் இந்தக் குன்றும் அடக்கம். மண்ணை அகற்றி, தரையையும் அடிச்சுவர்களையும் வெளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். உள்ளே நடந்தால் காலடியில் கல்லறைப் பலகைகள். குலச்சின்னமும் போர்த்துக்கீசிய எழுத்துகளும் செதுக்கியவை. சில தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டன. சிற்றாலயச் சுவர்களில் அங்கங்கே நீலமும் மஞ்சளுமாகப் பூ வரைந்த ஓட்டுத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு துண்டில் இலை முழுதாக இருக்கிறது, பக்கத்தில் இருக்க வேண்டிய பூ இல்லை.

இந்தக் குன்றின் பெரிய கதை அந்தத் தரைக்கடியில்தான் கிடைத்தது. ஜார்ஜியாவின் ககேத்தி நாட்டு ராணி கெத்தேவான், பாரசீக மன்னர் ஷா அப்பாஸின் பிடியில் ஷிராஸ் நகரில் பல ஆண்டுகள் இருந்தவர். மதம் மாற மறுத்ததால் 1624-ல் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். ஜார்ஜியத் திருச்சபைக்கு அவர் புனிதர். ஷிராஸில் அப்போது இருந்த அகுஸ்தீன் துறவிகள் அவருடைய உடலை ரகசியமாக மீட்டு, ஒரு கையின் எலும்பை 1627-ல் இங்கே கொண்டுவந்தார்கள். மடத்தின் ஆலோசனைக் கூடத்தில் ஒரு சன்னலருகே கற்பேழையில் வைக்கப்பட்டதாகப் போர்த்துக்கீசிய ஆவணங்கள் சொல்கின்றன. ஆனால் கூடமும் சன்னலும் மண்மேடாகிவிட்ட பிறகு, எதை வைத்துத் தேடுவது?

ஜார்ஜியர் விடவில்லை. 1980களின் இறுதியிலிருந்து குழு குழுவாக வந்து தேடினார்கள். கடைசியில் தொல்லியல் துறையினர் ஆவணக் குறிப்பையும் கட்டடத்தின் அமைப்பையும் பொருத்திப் பார்த்துக் கூடத்தை அடையாளம் கண்டு, 2004-05 வாக்கில் நீண்ட கை எலும்பு ஒன்றைக் கண்டெடுத்தார்கள். ஹைதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில், தமிழகத்தைச் சேர்ந்த மரபியலாளர் கே. தங்கராஜின் குழு அதை ஆராய்ந்தது. தாய்வழி மரபணுவில் தெரிந்தது யு1பி என்ற பிரிவு. அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்த தெற்காசிய மாதிரிகளில் அது இல்லை, ஜார்ஜியர்களிடம் இருந்தது. அருகே கிடைத்த வேறு எலும்புகளோ இந்திய மரபைக் காட்டின. இவ்வளவு இருந்தும் விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரையில் ‘பெரும்பாலும்’ ராணியுடையது என்றுதான் எழுதினார்கள். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. 2021 ஜூலையில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் எலும்பின் ஒரு பகுதியை ஜார்ஜியாவிடம் நேரில் ஒப்படைத்தார்.

கோபுரத்தின் மணிக்கும் ஒரு பயணம் உண்டு. 1841-ல் அகுவாதா கோட்டைக் கலங்கரை விளக்கத்துக்குப் போனது. 1871-ல் பணஜி மாதா கோயிலுக்கு வந்தது. ஏறும் படிக்கட்டுக்காகவே சினிமாக்காரர்கள் விரும்பும் அந்த வெள்ளைக் கோயிலின் உச்சியில் தொங்குவது இந்த மணிதான்.

குன்றின் மேற்கு ஓரம் வரை போய்விடுங்கள். அங்கே ஜெபமாலை மாதாவின் சிறிய ஆலயம் ஒன்று முழுதாக நிற்கிறது. 1510-ல் நடந்த சண்டையை அல்புகெர்க் அந்த இடத்தில் நின்றுதான் கவனித்தாராம். கூட்டம் இருக்காது, கீழே மாண்டோவி தெரியும்.

வேளாங்கண்ணியிலிருந்து கோவாவிலுள்ள வாஸ்கோவுக்குப் போகும் வாராந்திர ரயில் இருக்கிறது. பணஜியிலிருந்து பழைய கோவா பத்துக் கிலோமீட்டர். கதம்பா பேருந்து நிலையத்தில் அடிக்கடி வண்டி கிடைக்கும். அருகிலுள்ள ரயில் நிலையம் கர்மாலி. பேராலயத்தைப் பார்த்த கையோடு ஒரு மணி நேரத்தைக் குன்றுக்கு ஒதுக்குங்கள். தரையில் பாசி படியும் மழைக்காலத்தில் செருப்பு வழுக்கும். படமெடுப்பதற்காக அடிச்சுவர்களின் மேல் மட்டும் ஏறாதீர்கள்.