வேலிப் பொட்டு

கோப்பாயில் எங்கள் வளவுக்கும் ஆச்சி வளவுக்கும் நடுவே கிடுகு வேலி. அதில் ஒரு பொட்டு இருந்தது. வேலியடைக்க வருகிறவர் வருடா வருடம் அதையும் சேர்த்து அடைக்கப் பார்ப்பார், அம்மம்மா விடமாட்டார். அடுப்புத் தணல், கறிவேப்பிலை, கைமாற்றுச் சீனி, ஊர்ப் புதினம் எல்லாம் அதனூடாகத்தான் போய்வந்தன. நாங்கள் வேதக்காரர். ஆச்சி வீடு நல்ல சைவம்.

அம்மம்மா விடியப்புறம் எழும்பி அரிக்கன் விளக்கில் வேதம் வாசிப்பார், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவார். ஆனால் ஆச்சிக்கு அவர் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை. எங்கள் பக்கத்துக்குப் பிரசங்கம் புதிதுமில்லை. 1818இல் இலங்கைக்கு வந்த ஜோசப் நைற் பாதிரியார் பக்கத்து நல்லூரில் தங்கி ஊழியம் செய்தவர். பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது கூட இருந்து உதவிய ஆறுமுக நாவலரே, சைவப் பிரசங்கத்தில் இறங்கி, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடமும் தொடங்கினார். எங்கள் கோப்பாயின் வடகோவை மண்ணோ சைவ அறிஞர் சபாபதி நாவலரைப் பெற்றது. கண்டனமும் மறுகண்டனமும் கேட்டுப் பழகிய காதுகள் இவை. “துரைமாரும் நாவலரும் எல்லாத்தையும் சொல்லிப்போட்டினம், நான் புதிசாய் என்னத்தைச் சொல்லுறது?” என்று அம்மம்மா சிரிப்பார்.

ஆச்சியும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான். 1960இல் அரசாங்கம் அந்தப் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பெடுக்கத் தொடங்குவதற்கு வெகு முந்திய காலம் அது. பத்துக் கட்டளையும் அவருக்குப் பாடம். என் ஞாயிறுப் பள்ளிச் சோதனைக்கு, நெற்றி நிறையத் திருநீறோடு திண்ணையில் இருந்து கேள்வி கேட்பவர் அவரே. “அஞ்சாவது என்ன மேனை? தாய் தேப்பன் சொல்லைக் கேக்கிறது. இப்ப ஆர் உன்னைப் புளியமரத்திலை ஏறச் சொன்னது?”

நல்லூர்த் திருவிழா தொடங்கினால் இருபத்தைந்து நாளும் எங்கள் குசினியில் மீன் இல்லை. மாமா முணுமுணுப்பார்: “எங்களுக்கென்ன விரதமே?” அம்மம்மா அகப்பையைக் கீழே வைக்காமலே சொல்லுவார்: “அங்காலை அக்கா வெறும் வயித்தோடை இருக்கிறா. காத்து எந்தப் பக்கம் அடிக்குமெண்டு உனக்குத் தெரியுமே?” நத்தாருக்குப் பலகாரம் சுடும்போது ஆச்சிக்கென்று புதுத் தாச்சி, புது எண்ணெய். முட்டை படாத பயத்தம் பணியாரமும் சீனி அரியதரமும் முறுக்கும் தட்டில் வைத்து, மூடித் தருவார். கொண்டுபோவது நான்தான். தைப்பொங்கலுக்கு ஆச்சி வீட்டுப் புக்கை வரும். படைக்க முதலே எங்கள் பங்கை வேறாக்கி வைத்துவிடுவார் ஆச்சி. படைத்ததை நாங்கள் சாப்பிடுவோமோ என்ற யோசனை எங்களுக்கு வரவிடக் கூடாதாம்.

ஒருநாள் ஆச்சியே கேட்டார்: “ஏன் பிள்ளை, நாங்கள் ஒண்டும் சொல்லாமலே நீ மீன் காச்சாமல் விடுறாய்?” கேட்டபிறகுதான் அம்மம்மா வாய் திறந்தார். கிணற்றுக்கட்டில் இருந்து, சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்ட கதையைச் சொன்னார். களைத்து வந்தவர், தீண்டக் கூடாதென்று தன் சனம் ஒதுக்கிய ஒருத்தியிடம் போய்க் குடிக்கத் தா என்று கேட்டார். ஆச்சி கனநேரம் பேசவில்லை. வெங்காயம் பிடுங்க வருகிற ஆட்கள் அந்நாளில் ஊர்க் கிணற்றில் வாளி தொடக் கூடாது; யாராவது அள்ளிக் கையில் ஊற்ற வேண்டும். கோயிலில் ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுத்த எங்கள் சொந்தக்காரருக்கும் கிணற்றடியில் அதே வழக்கம்தான். அம்மம்மா அதையும் மறைக்கவில்லை. “கதையை வாசிக்கிறம் அக்கா, வாளியைத்தான் விடுறேல்லை” என்றார். அடுத்த வெங்காயக் காலத்தில் எங்கள் துலாவை அந்த ஆட்களே இறக்கினார்கள். சொந்தத்தில் சிலர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. அம்மம்மா அவர்களுக்குச் சோடா வாங்கி வைத்தார்.

1983 கலவரத்துக்குப் பிறகு ஆச்சியின் கடைசிப் பிள்ளை ஜெர்மனிக்கென்று புறப்பட்டவர். மாதக்கணக்கில் கடிதம் இல்லை. ஒரு பின்னேரம் ஆச்சி பொட்டால் குனிந்து வந்தார். “பிள்ளை, உன்ரை ஆண்டவரிட்டையும் ஒருக்காச் சொல்லிவை.” அம்மம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, முருகன் பெயர் வைத்த அந்தப் பிள்ளையை முழுப்பெயரும் சொல்லி இயேசுவிடம் ஒப்புக்கொடுத்தார். முடிவில் ஆச்சிதான் எல்லாரையும்விடச் சத்தமாக “ஆமென்” என்றார். பள்ளிக்கூடப் பழக்கம்.

கடிதம் வந்தது. ஆச்சி நல்லூரில் அர்ச்சனை செய்வித்தார். எங்கள் கோயிலுக்கும் ஒரு கட்டு மெழுகுதிரி கொடுத்துவிட்டார். மாமாவுக்குத் திருப்தி இல்லை. “இவ்வளவு காலம் பழகியும் ஆச்சி மாறேல்லையே அம்மா?”

“மாத்துறது அவற்றை அலுவல்,” என்றார் அம்மம்மா. “கேட்டால் நான் சொல்லுறன். கேக்காட்டில் மீனை நிப்பாட்டுறன்.”